கபுகி, பொம்மை, புத்தகம் – கடிதம்

அன்புள்ள சார்,

ஒரு வருடமாக ஜப்பானிய மரபு நாடகங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். குரோசாவா படங்களில் ஆரம்பித்தது, எங்கெங்கோ சுற்றிக் கபுகியிலும் புன்ராகு என்கிற பொம்மை நாடகத்திலும் வந்து நிற்கிறது. டொனால்ட் கீன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த சிகமாட்சு மொன்சயெமோனின் நான்கு நாடகங்கள், ஒரு கபுகி வரலாறு, சில கபுகிப் பிரதிகள், இவ்வளவு முடித்திருக்கிறேன். ஜப்பான் போனதில்லை, இப்போதைக்குப் போகும் நிலையிலும் இல்லை.

நாடகக் குழு ஒன்றில் இருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். நாடகத்தைப் புத்தகத்தில் படிப்பது சமையல் குறிப்பைப் படித்துவிட்டு ஏப்பம் விடுவது மாதிரி என்று சிரித்தார். அதிலிருந்து ஒரு சோர்வு. அவர் சொல்வது சரிதானா?

இன்னொன்று, எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடும் 'சொனெசாகி காதல் தற்கொலை' எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. கதாநாயகன் தொகுபெய் ஏமாறுகிறான், அடி வாங்குகிறான், அழுகிறான், கடைசியில் காதலியோடு சாகிறான். இதில் என்ன இருக்கிறது? கபுகிப் பிரதிகளோ அதைவிடச் சப்பென்று இருந்தன.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் 'கபுகியும் நம் தெருக்கூத்தும்' என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் சொன்னது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த நாடகம் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கபுகியையும் பொம்மை நாடகத்தையும் நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், பல புத்தகங்களும் இரண்டையும் ஒரே அட்டைக்குள் போட்டுவிடுகின்றன. கதைகள் பெரும்பாலும் பொது, காலம் பொது, ஊர்களும் பொது. ஆனால் படிக்கிறவருக்கு இரண்டும் நேர் எதிர். பொம்மை நாடகம் எழுதுகிறவனின் கலை, கபுகி நடிக்கிறவனின் கலை. ஆகவே முதலாவதற்கு நாடகத்தைப் படிக்க வேண்டும், இரண்டாவதற்கு நடிகனைப் படிக்க வேண்டும். உங்கள் ஏமாற்றம் பாதிக்கு மேல் இரண்டையும் ஒரே விதமாகப் படித்ததால் வந்தது என்று நினைக்கிறேன்.

பொம்மை நாடகத்தின் அடிப்படை ஜோருரி என்ற கதைப்பாட்டு. பார்வையாளருக்கு வலப்பக்கத்தில் ஒரு தனி மேடை, அதில் தயு எனப்படும் கதைப்பாடகர், அவருக்குப் பக்கத்தில் தடித்த கழுத்துள்ள ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தோடு ஒரு கலைஞர். கிழவன், குழந்தை, வேசி, சாமுராய் என்று எல்லாருடைய பேச்சும், நடுநடுவே வரும் வருணனையும், அழுகையும் சிரிப்பும் பெரும்பாலும் அந்த ஒரே ஆளின் தொண்டையிலிருந்துதான் வர வேண்டும். அடிவயிற்றிலிருந்து குரல் எழும்புவதற்காக இடுப்பில் பட்டையை இறுக்கிக் கட்டி, உடைக்குள் மணல் பொதி ஒன்றையும் வைத்துக்கொள்வார்கள். முன்னால் ஒரு தாங்கியில் பெரிய எழுத்தில் எழுதிய புத்தகம். பாடத் தொடங்குமுன் தயு அதை இரண்டு கைகளாலும் எடுத்து நெற்றிக்கு மேலே உயர்த்தி வணங்குவார். முழுக்க மனப்பாடம்தான், ஆனாலும் அந்தப் புத்தகம் இல்லாமல் உட்காரமாட்டார், பக்கத்தைப் புரட்டிக்கொண்டேதான் போவார். எழுத்துக்கு இந்த இடத்தைக் கொடுத்த நாடகத்தைப் படிக்கக்கூடாது என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது?

அன்றும் படிக்கத்தான் செய்தார்கள். 1684-இல் தகெமோட்டோ கிதாயு என்ற பெருங்குரல் பாடகர் ஒசாக்காவின் தோத்தொன்போரியில் தன் அரங்கைத் தொடங்கினார், சிகமாட்சு அவருக்கு எழுதினார். அந்த நாடகங்கள் முழுமையாக, பாடும் முறைக்கான குறிகளோடு அச்சாகி விற்றன. வாங்கியவர்கள் கடைக்காரர்கள், கணக்கர்கள், பாட்டு கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட வியாபாரிகள். கிதாயு பாணியில் பாடுவது அங்கே ஊரெல்லாம் பிடித்திருந்த பைத்தியம். ரகுகோ என்னும் நகைச்சுவைக் கதைசொல்லலில் இதை வைத்தே 'நெதோகோ' என்றொரு கதை உண்டு: பாட்டு கற்றுக்கொண்ட ஒரு வீட்டுக்காரர் தன் குடித்தனக்காரர்களைப் பாட்டுக் கேட்கக் கூப்பிடுவார், ஆளுக்கொரு சாக்குச் சொல்லித் தப்பிப்பார்கள், கோபத்தில் எல்லாரையும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார். இன்றைக்கும் ஒசாக்காவில் 1984-இல் திறந்த தேசிய புன்ராகு அரங்கில் நிகழ்ச்சிக் கையேட்டோடு பாட்டின் முழு வரிகளும் கிடைக்கின்றன. மேடைக்கு மேலே எழுத்தும் ஓடும். ஜப்பானியர்களுக்கே பழைய மொழி புரிவதில்லை, படித்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள். சமையல் குறிப்போடு சாப்பிடுகிறவர்கள் என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத சொனெசாகி. 1703-ஆம் வருடம், பழைய ஜப்பானிய நாட்காட்டியின் நான்காம் மாதம், ஒசாக்காவின் சொனெசாகிக் காட்டில் சோயா சாஸ் கடை ஊழியன் ஒருவனும் வேசி ஒருத்தியும் ஒன்றாகச் செத்துப்போனார்கள். அடுத்த மாதமே சிகமாட்சுவின் நாடகம் மேடையேறிவிட்டது, கடனில் இருந்த அரங்கை அது தூக்கி நிறுத்தியது என்பார்கள். அதைப் பார்த்துவிட்டு நிஜமாகவே ஜோடி ஜோடியாகச் சாகிறார்கள் என்று பயந்து 1720-களின் தொடக்கத்தில் ஷோகுன் அரசு இந்த வகை நாடகங்களையே தடை செய்தது. அப்புறம்தான் நமக்கு முக்கியமான விஷயம். வேறு ஆட்கள் மாற்றி எழுதிய வடிவங்கள் வந்து போயின, ஆனால் சிகமாட்சு எழுதிய சொனெசாகி ஏறத்தாழ இருநூற்றைம்பது வருடம் மேடையில் இல்லை. 1953-இல் கபுகியில் தழுவி எடுத்தார்கள், 1955-இல் பொம்மை நாடகத்தில் மீட்டார்கள். இடைப்பட்ட அத்தனை காலமும் அது உயிரோடு இருந்தது அச்சில் மட்டும். 'எண்ணெய் நரகத்தில் பெண் கொலை' கதையும் ஏறக்குறைய இப்படித்தான். 1721-இல் எழுதி, எடுபடாமல் போய், மெய்ஜி காலத்தில் (1868–1912) சுபோவுச்சி ஷோயோ போன்ற படிப்பாளிகள் சிகமாட்சுவை உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் மறுபடி மேடைக்குப் போனது. இன்று ஒசாக்காவில் சீட்டு வாங்கிப் பார்ப்பவர், உங்களை மாதிரி மேடையைப் பார்க்காமல் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்த தலைமுறைகளுக்குக் கடன்பட்டவர்.

அதே ஷோயோ ஷேக்ஸ்பியரை முழுக்க ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவர். சிகமாட்சுவை 'ஜப்பானின் ஷேக்ஸ்பியர்' என்று சொல்லும் வழக்கம் வேரூன்றியதில் அந்தக் காலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பட்டத்தைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். நீங்கள் ஹாம்லெட்டை எதிர்பார்த்துப் போய்த் தொகுபெய்யைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறீர்கள்.

தொகுபெய் கடையில் வேலை செய்கிறவன், முதலாளி அவனுடைய சித்தப்பா. முதலாளி தன் மனைவியின் உறவுப் பெண்ணை அவனுக்குக் கட்டிவைக்க நினைத்து, சீர்ப்பணமாக இரண்டு கன் (பழைய ஜப்பானிய எடை) வெள்ளியைக் கிராமத்திலுள்ள மாற்றாந்தாயிடம் கொடுத்துவிடுகிறார். இவனுக்கு ஒஹாட்சு என்ற வேசிமேல் காதல், மாட்டேன் என்கிறான். அப்படியானால் குறித்த நாளுக்குள் பணத்தைத் திருப்பிக் கொடு என்கிறார் முதலாளி. கிராமத்துக்குப் போய்ப் பணத்தை வாங்கிக்கொண்டு வருகிறான், வழியில் குஹெய்ஜி என்ற நண்பன் கெஞ்ச, சில நாளுக்கென்று கடன் கொடுத்துவிடுகிறான். குஹெய்ஜி பிறகு அப்படி ஒரு கடனே இல்லை என்கிறான். பத்திரத்தில் இருக்கும் முத்திரையா, அது தொலைந்துபோனது, தொலைந்ததை முன்பே பதிவும் செய்துவிட்டேன், ஆகவே பத்திரம் நீ திருடிப் போட்டது என்று நடுத்தெருவில் வைத்து அடிக்கிறான். பணம் போனது ஒரு பக்கம். முத்திரை மோசடி செய்தவன் என்ற பெயரோடு அந்த ஊரில் ஒரு கடைப் பையன் மறுநாள் எழுந்து வேலைக்குப் போக முடியாது. மோசடிக்குத் தண்டனை தலை. அதுவரை பொம்மைகள் பழைய வீரர்களின் கதைகளை ஆடிக்கொண்டிருந்தன. போன மாதம் செத்த ஒரு கடை ஊழியன், தேதியும் தொகையும் முத்திரையும் சகிதம், பொம்மையாக வந்து நின்றது இதில்தான் முதல் தடவை. அவன் அழுமூஞ்சியாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேரிடம் அதே மாதிரி கடன் பத்திரம் இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

கடைசிப் பயணத்தைச் சத்தம்போட்டுப் படியுங்கள், ஆங்கிலமானாலும் பரவாயில்லை. 'இந்த உலகுக்கு விடை, இந்த இரவுக்கும் விடை' என்று தொடங்கும், சாகப் போகிறவர்கள் சுடுகாட்டுப் பாதையில் உறைந்த பனி மாதிரி அடிக்கு அடி கரைகிறார்கள் என்று போகும், அப்புறம் விடியல் மணி ஏழில் ஆறு அடித்துவிட்டது, மிச்சம் ஒன்றுதான் இந்தப் பிறவியில் கேட்கும் கடைசி ஒலி என்று எண்ணிக்கொண்டே வரும். இதை மௌனமாக வாசித்தால் வெறும் சோகக் கவிதை. மூச்சு முட்டுவது குரலில் சொல்லும்போதுதான் தெரியும், ஏனென்றால் அது ஒருவர் மூச்சை மனதில் வைத்தே எழுதியது. நான் மேடையில் பார்த்தது, படித்ததில் கால்வாசிகூட வராது. ஆனால் சத்தமாகப் படித்துவிட்டுப் போன காட்சிகள்தான் எனக்கு அங்கே பிடிபட்டன.

புத்தகத்தில் படிப்பவருக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. நாடகத்தின் தொடக்கத்தில் ஒஹாட்சு ஒசாக்காவின் முப்பத்து மூன்று கன்னோன் கோயில்களையும் சுற்றி வருகிறாள் அல்லவா, நீங்கள் வேகமாகத் தள்ளியிருப்பீர்கள், மேடையில் அதைப் பெரும்பாலும் வெட்டிவிடுகிறார்கள். போய்ப் படியுங்கள். சாகப் போகிறவளுக்குக் கருணைத் தெய்வத்தின் எல்லா வாசல்களையும் முதலிலேயே காட்டிவிடுகிறார் சிகமாட்சு.

புத்தகம் தராத இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒஹாட்சு விடுதித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள், தொகுபெய் கீழே ஒளிந்திருக்கிறான், குஹெய்ஜி மேலே உட்கார்ந்து அவனைப் பழித்துக்கொண்டிருக்கிறான். சாகத் தயாரா என்று அவள் காலால் கேட்கிறாள், அவன் அவள் பாதத்தைப் பிடித்துத் தன் தொண்டையின் குறுக்கே இழுத்துக் காட்டுகிறான். படிக்கும்போது இரண்டு வரி. ஆனால் பெண் பொம்மைகளுக்குப் பொதுவாகக் கால் கிடையாது. மூன்று பேர் ஆட்டும் பொம்மையில் தலையும் வலக்கையும் ஒருவரிடம், இடக்கை இன்னொருவரிடம், கால் மூன்றாமவரிடம். கால்காரர் கிமோனோவின் கீழ்விளிம்பைத் தன் கைகளால் அசைத்தே நடையைக் காட்டுகிறார். இன்று ஆடும் முறையில் அந்த ஒரு காட்சிக்காக ஒஹாட்சுவுக்குப் பாதம் வைக்கிறார்கள். வெள்ளையாகச் சின்னதாக ஒரு பாதம் வெளியே வரும்போது அரங்கம் என்ன ஆகும் என்று பிரதியில் எழுதியிருக்காது. இதற்குத்தான் கலையின் வேலைப்பாட்டைச் சொல்லும் புத்தகம் ஒன்றையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். கீன் 1965-இல் புன்ராகு பற்றி எழுதியது படங்களோடு கிடைக்கிறது. காலுக்குப் பத்து வருடம், இடக்கைக்குப் பத்து வருடம் என்று பயிற்சியைப் பற்றி அங்கே ஒரு சொலவடை உண்டு. அத்தனை வருடம் கறுப்புத் துணிக்குள் முகம் தெரியாமல் குனிந்து நிற்கிறவரின் உழைப்பு மேடையில் தெரியாமல் இருப்பதுதான் திறமை, ஆகவே அதைப் புத்தகத்தில்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஒரு விஷயம், இந்த மூவர் முறை 1734-இல்தான் வந்தது. சிகமாட்சு 1725-லேயே இறந்துவிட்டார். அவர் எழுதியதெல்லாம் ஒருவர் தனியாகத் தூக்கி ஆட்டிய சின்னப் பொம்மைகளுக்கு, முதல் ஒஹாட்சுவை ஆட்டியவர் தட்சுமாட்சு ஹச்சிரோபெய். புருவத்தை உயர்த்தவும் விரலை மடக்கவும் தெரியாத பொம்மைக்காக எழுதியதால்தான் அவர் வரிகள் இவ்வளவு சுமக்கின்றன என்பது என் எண்ணம்.

உங்கள் கேள்விக்கு நடுவில் இன்னொன்று இருக்கிறது, தொகுபெய் நிஜ மனிதன் மாதிரி இருந்தும் ஏன் மனதில் நிற்கவில்லை என்று. சிகமாட்சு சொன்னதாக ஹொஸுமி இகான் 1738-இல் வெளியான நூலில் பதிந்துவைத்த ஒரு கதையைச் சொல்கிறேன். அரண்மனைப் பெண் ஒருத்தி தன் காதலனைப் பார்க்க முடியாமல், அவனைப் போலவே மரத்தில் ஓர் உருவம் செய்யச் சொல்கிறாள். நிறம், மயிர்க்கால், மூக்குத் துவாரம், பல்லின் எண்ணிக்கை உட்பட எதிலும் வித்தியாசம் இல்லை, உயிர் மட்டும் இல்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அவளுக்கு அருவருப்பாகிறது, காதலும் அதோடு போய்விடுகிறது. நிஜத்துக்கும் நிஜமல்லாததுக்கும் நடுவிலுள்ள மெல்லிய தோலில்தான் கலை இருக்கிறது என்கிறார். நீங்கள் தொகுபெய்யிடம் பல்லை எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

சரி, கபுகி. 1603-இல் கியோட்டோ ஆற்றுமணலில் ஒகுனி ஆடியது, 1629-இல் பெண்களுக்குத் தடை, 1652-இல் இளைஞர்களுக்கும் தடை, அதன்பின் வளர்ந்த ஆண்களே எல்லா வேடமும் கட்டியது, இதெல்லாம் எல்லாப் புத்தகங்களிலும் முதல் இருபது பக்கங்களில் இருக்கும். படித்துவிட்டீர்கள், நகர்ந்துவிடலாம்.

கபுகிப் பிரதி சப்பென்றிருந்தது என்றீர்கள். இருக்கத்தான் செய்யும். ஒரு தலைமை எழுத்தாளருக்குக் கீழே பலர் சேர்ந்து எழுதிய அரங்கச் சொத்து அது, நடிகர்கள் கையில் அவரவர் வசனம் மட்டும்தான் போகும், வெளியே விற்றது பெரும்பாலும் படம் போட்ட கதைச்சுருக்கம். சிகமாட்சுவே சகாதா தோஜுரோ என்ற பெரிய நடிகருக்காகப் பல வருடம் கபுகி எழுதியவர், பிறகு பொம்மைக்கே திரும்பி ஒசாக்காவில் குடியேறிவிட்டார். பொம்மை வசனத்தை மாற்றாது என்பதுதான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். நம்பத் தகுந்த காரணமாகவே எனக்கும் படுகிறது.

ஒரே ஓர் உதாரணம். நாற்பத்தேழு எஜமானற்ற சாமுராய்களின் பழிவாங்கலைச் சொல்லும் சூஷின்குரா, 1748-இல் பொம்மைக்காக எழுதப்பட்டு உடனே கபுகிக்குத் தாவியது. அதில் ஐந்தாம் அங்கத்தில் சதகுரோ என்று ஒரு வழிப்பறிக்காரன் வருகிறான். பொம்மைப் பிரதியில் நிறையப் பேசுவான், கிழவரைக் கொன்று பணத்தைப் பிடுங்குவான், காட்டுப்பன்றிக்கு வைத்த குண்டு பட்டுச் சாவான். கபுகியில் அது சில்லறை வேடம், பஞ்சைக் கொள்ளைக்காரன் உடையில் யாராவது செய்துவிட்டுப் போவார்கள், பார்வையாளர்கள் அந்த நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். 1766-இல் நகாமுரா நகாஸோ என்ற நடிகருக்கு அது வந்தது. மழையில் நனைந்து ஒதுங்கிய ஒரு ஏழைச் சாமுராயைப் பார்த்து அவருக்கு யோசனை தோன்றியதாகக் கதை. உடம்பெல்லாம் வெள்ளைப் பூச்சு, கறுப்புக் கிமோனோவை மேலே செருகி, தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றார். இன்றைக்கு வரை சதகுரோ அப்படித்தான் வருகிறான். காய்கிற நெற்கதிர்களுக்கு நடுவிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு பணப்பையைப் பறிக்கும், பணத்தை எண்ணிவிட்டு 'ஐம்பது ர்யோ' என்பான், இவ்வளவுதான் வசனம். குண்டு பட்டதும் வாயிலிருந்து ரத்தம் வெள்ளைத் தொடையில் ஒழுகும். பெரிய நடிகர்கள் ஆசைப்பட்டு ஏற்கும் வேடம் இது. அந்தப் பிரதியை வாங்கிப் படித்தால் உங்களுக்குக் கிடைப்பது 'ஐம்பது ர்யோ'.

அதனால்தான் நடிகனைப் படியுங்கள் என்கிறேன், அதற்கு அன்றைய ஜப்பானே வழி போட்டு வைத்திருக்கிறது. நடிகர்களை மதிப்பிட்டுத் தரம் போடும் புத்தகங்கள் வருடாவருடம் வந்தன. 1699-இல் கியோட்டோவில் வெளிவந்த ஒன்று கியோட்டோ, எதோ (இன்றைய டோக்கியோ), ஒசாக்கா மூன்றுக்கும் தனித்தனித் தொகுதி என்று ஒரு மாதிரியை உண்டாக்கியது. பிறகு வந்தவற்றில் ரசிகனும் குறைகூறுபவனும் மாறிமாறிச் சண்டை போடுகிற மாதிரியே விமரிசனம் எழுதினார்கள், இன்றைய சினிமா ரசிகர் சண்டை தோற்றுவிடும். நடிகர்களின் பேச்சுகளைத் தொகுத்த பழைய நூல் ஒன்றை சார்லஸ் டன்னும் தோரிகோயெ புன்ஸோவும் ஆங்கிலத்தில் தந்திருக்கிறார்கள், அதில் பெண்வேடக்காரர் யோஷிஸாவா அயாமே சொல்வதை முதலில் படியுங்கள். ஒன்னகதா, அதாவது பெண்வேடம் கட்டும் நடிகர், ஒப்பனை அறையிலும் பெண்ணாகவே இருக்க வேண்டும், சாப்பிடும்போதுகூட அடுத்தவர் பார்க்காதபடி திரும்பிக்கொள்ள வேண்டும் என்கிறார். படித்துவிட்டு ஷராகுவின் ஓவியங்களைப் பாருங்கள். 1794-95-இல் பத்து மாதம் போல வரைந்துவிட்டுக் காணாமல் போனவர். அவர் வரைந்த பெண்வேடங்களில் பூச்சுக்குக் கீழே நடுவயது ஆணின் தாடை தெரியும். அயாமே மறைக்கச் சொன்னதை ஷராகு பிடித்துவைத்திருக்கிறார். வசேதா பல்கலைக்கழகத்தின் நாடக அருங்காட்சியகம் இத்தகைய நடிகர் ஓவியங்களை இணையத்தில் ஏராளமாக வைத்திருக்கிறது, வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

பிரதியாகவே படித்தாக வேண்டும் என்றால் ஜேம்ஸ் பிராண்டனின் மொழிபெயர்ப்புகளைப் பிடியுங்கள். எங்கே மரக்கட்டை தட்டுகிறார்கள், எங்கே ஷாமிசென் நிற்கிறது, எந்த வரியில் நடிகர் கண்ணை உருட்டி உறைந்து நிற்கிறார் என்று எல்லாவற்றையும் வசனத்துக்கு நடுவே எழுதியிருப்பார். அதோடு, ஆங்கிலத்தில் வந்த முன்னோடி நூல்கள் சில எங்கிருந்து வந்தன என்பதும் தெரிந்திருக்கட்டும். 1956-இல் கபுகி பற்றி முக்கியமான நூல் எழுதிய ஏர்ல் எர்ன்ஸ்ட், போருக்குப் பிறகு அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தில் நாடகத் தணிக்கையில் இருந்தவர். ஃபோபியன் பவர்ஸ் என்ற இன்னொரு அதிகாரிதான் கபுகியைக் காப்பாற்றினார் என்று ஒரு கதை உலவுகிறது, பின்னால் வந்த ஆய்வாளர்கள் எல்லாரும் அதை அப்படியே ஏற்கவில்லை. பிரெஞ்சு விமரிசகர் ரோலண்ட் பார்த் புன்ராகு பற்றி எழுதியதை மட்டும் கடைசிக்கு வையுங்கள். நம் சிறுபத்திரிகைகளில் புன்ராகு என்றாலே பார்த் வந்துவிடுவார். அவர் எழுதியது அழகுதான், ஆனால் படித்து முடித்தால் பார்த்தைப் பற்றி நிறையத் தெரிந்திருக்கும்.

உங்கள் உரைக்கு வருகிறேன். தெருக்கூத்தோடு ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். ஆண் பெண்வேடம் கட்டுவது, முகப்பூச்சு, மணிக்கணக்காக ஆடுவது என்று பத்து ஒற்றுமைகளைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் இரண்டுக்கும் வரலாற்றில் தொடர்பு எதுவும் இல்லை, கேட்டவர்களும் இரண்டைப் பற்றியும் ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போவார்கள். அதற்குப் பதில் ஒரே ஒரு காட்சியைச் சொல்லுங்கள். 1746-இல் பொம்மைக்கு எழுதி, கபுகியிலும் ஓயாமல் ஆடப்படும் 'தெராகோயா', கிராமப் பள்ளிக்கூடக் காட்சி.

நாடுகடத்தப்பட்ட அமைச்சரின் சின்ன மகனைக் கென்ஸோ என்ற வாத்தியார் தன் பள்ளியில் ஒளித்து வைத்திருக்கிறார். எதிரிகளுக்குத் தெரிந்துவிடுகிறது, பையனின் தலையைக் கொடு என்கிறார்கள். அன்றைக்குத்தான் கொதாரோ என்ற புதுப் பையனை அவன் அம்மா சேர்த்துவிட்டுப் போயிருக்கிறாள், பார்க்கப் பெரிய இடத்துப் பிள்ளை மாதிரி இருக்கிறான். அவனை வெட்டிக் கொடுத்துவிடுவது என்று கென்ஸோ முடிவெடுக்கிறார். தலையை அடையாளம் காட்ட வருகிறவன் எதிரியிடம் சேவகம் செய்யும் மட்சுவோமாரு. பெட்டியைத் திறந்து பார்த்து, அமைச்சரின் மகன்தான், சந்தேகமில்லை என்கிறான். கூட்டம் போன பிறகு திரும்பி வருகிறான். கொதாரோ அவனுடைய சொந்த மகன், தெரிந்தே அனுப்பியிருக்கிறான். பையன் எப்படிச் செத்தான் என்று கேட்கிறான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே கழுத்தை நீட்டினான் என்கிறார் கென்ஸோ. "சிரித்தானா?" என்கிறான் மட்சுவோமாரு. மகனைப் புகழ்கிறான், அப்புறம் அழுகிறான். அழுவது மகனுக்காக என்று சொல்ல வாய் வராமல், முன்பே செத்துப்போன தம்பி சகுராமாரு பாவம் என்று சொல்லி அழுகிறான்.

பொம்மை நாடகத்தில் இத்தனை பேரையும் ஒரு குரல் சுமக்கிறது, ஆகவே பிரதியை வாசித்தாலே காட்சி வந்துவிடும். கபுகியில் பாருங்கள், உள்ளே வெட்டும் சத்தம் கேட்டதும் மட்சுவோமாரு தடுமாறி வாத்தியாரின் மனைவிமேல் மோதிவிட்டு, மரியாதை கெட்டவளே என்று அவளையே அதட்டுகிறான். அந்தத் தடுமாற்றம் எவ்வளவு, எந்தக் கணத்தில், என்பதற்குப் பரம்பரை பரம்பரையாக முறை வைத்திருக்கிறார்கள், அவன் உடுத்தும் பனி மூடிய பைன் மரம் போட்ட உடை கறுப்பா வெள்ளிச் சாம்பலா என்பதுகூட நடிகருக்கு நடிகர் மாறும். இரண்டு கலைக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. 1945 நவம்பரில் டோக்கியோவில் இதை ஆடிக்கொண்டிருந்தபோது ஆக்கிரமிப்பு நிர்வாகம் நிறுத்திவிட்டது, எஜமானுக்காகப் பிள்ளையைக் கொடுக்கும் கதை இனி வேண்டாம் என்று. அதைச் சொன்னால் உங்கள் வட்டத்தில் சண்டை வரும், வரட்டும். இதே காட்சியில் கென்ஸோ அரண்மனைச் சேவகம் மட்டும் ஒருவன் செய்யவே கூடாது என்று நொந்துகொள்ளும் வரி ஒன்று இருக்கிறது, நாடகம் விசுவாசத்தைப் புகழ்கிறதா சபிக்கிறதா என்ற கேள்விக்கு அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காணொளிகள் இணையத்தில் கிடைக்கும், பாருங்கள், ஆனால் காட்சியைப் படித்த பிறகு, முழுக் காட்சியாக. மூன்று நிமிடத் துணுக்குகள் வேண்டாம், கபுகி அதில் ஒப்பனைப் போட்டி மாதிரி தெரியும். நடுவில் ஒரு நாவல் வேண்டுமானால், தனிஸாகி 1928-29-இல் எழுதிய, மண முறிவின் விளிம்பில் நிற்கும் கணவன் மாமனாரோடு அவாஜித் தீவுக்குப் பொம்மையாட்டம் பார்க்கப் போகும் நாவல் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. திறந்தவெளியில் பாய் விரித்துச் சாப்பாட்டோடு உட்கார்ந்து பார்க்கும் கூட்டம் அதில் வருகிறது, எந்த வரலாற்று நூலிலும் அவ்வளவு நன்றாக வரவில்லை.

தெராகோயாவுக்கு அரை மணி நேரம் போதும், கதையைச் சொல்லும்போது கொதாரோ யார் என்பதை மட்டும் முன்கூட்டியே உளறிவிடாதீர்கள். நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேசி முடித்ததும் என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள்.